வீட்டுக் கணக்கு: ஒரு கிராம் என்ன விலை?

போன வருஷம் ஆவணி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோகுலாஷ்டமி சீடைக்கு மாவு நிறுத்து வைக்கலாமென்று பார்த்தால், சமையலறை அலமாரியில் தராசைக் காணோம். தட்டுத் தராசு இல்லை. கேக் செய்வதற்கென்று வாங்கிய சின்ன எலெக்ட்ரானிக் தராசு. வீடெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் மகளின் அறைக்குப் போனேன். மேஜை மேல் தராசு இருந்தது. தராசு மேல் ஒரு சைக்கிள் சீட் இருந்தது!

"என்னடி இது, மாவு வைக்கிற இடத்துல?"

"துடைச்சுட்டுதாம்மா வெச்சேன். 312 கிராம்" என்றாள், நான் என்னமோ அதைத்தான் கேட்ட மாதிரி.

என் மகள் கோயமுத்தூரில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ முடித்த கையோடு, அவள் சேர்த்து வைத்திருந்த பணமும் அவள் அப்பா போட்டதுமாக ஒரு ரோடு பைக் வாங்கினாள். பைக் என்றதும் மோட்டார் சைக்கிள் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயருமாக, பந்தயக்காரர்கள் ஓட்டுவது போன்ற கியர் சைக்கிள்தான். எடை 10.4 கிலோ. "இதென்ன கண்ணு, எலும்புந் தோலுமா நிக்குது!" என்றார் என் மாமியார். "எங்கப்பா ஓட்டின கறுப்புச் சைக்கிள் 20 கிலோ இருக்கும். அதுல பால் கேனும் கட்டிட்டுப் போவாரு" என்றார் எங்க வீட்டுக்காரர்.

அந்தப் 10.4 கிலோவும் அவளுக்கு இப்போது கனமாகிவிட்டதாம். "தை மாசம் மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரிக்கு ஏறப் போறோம்மா. எனக்குக் கார்பன் வீல் வேணும்."

"எவ்வளவு?"

"48 ஆயிரம். ஆனா அரை கிலோவுக்கு மேல குறையும்!"

கையிலிருந்த மாவுக் கிண்ணம் கீழே விழாதது தெய்வாதீனம்.

இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும். எடுத்த எடுப்பில் "முடியாது" என்று சொல்ல மாட்டேன். நோட்டை எடுப்பேன். "உட்காரு, எழுதலாம்" என்றேன்.

கடைக்காரரிடமும் அவளுடைய சைக்கிள் சிநேகிதிகளிடமும் விசாரித்து, ஒரு வாரத்தில் பட்டியல் தயாரானது. எந்தச் சாமான், இப்போது என்ன எடை, புதிதாக வாங்கினால் என்ன எடை, என்ன விலை என்று நாலு பத்தி. ஐந்தாவது பத்தி நான் சேர்த்தது: குறைகிற ஒவ்வொரு கிராமுக்கும் எத்தனை ரூபாய் கொடுக்கிறோம்? தங்கத்துக்குத்தான் கிராம் விலை கேட்டுப் பழக்கம். சைக்கிளுக்கும் அப்படிக் கேட்டுப் பார்த்தேன்.

டியூப்: இருந்தது ஒவ்வொன்றும் 110 கிராம். மெல்லிய ரப்பர் டியூப் 70 கிராம். இரண்டுக்கும் சேர்த்து 80 கிராம் குறையும். விலை 900 ரூபாய். கிராமுக்கு 11 ரூபாய்.

டயர்: சைக்கிளோடு வந்தது, ஓரத்தில் இரும்புக் கம்பி வைத்தது, ஒன்று 360 கிராம். கம்பிக்குப் பதில் நார் வைத்த, மடிக்கக்கூடிய டயர் 240 கிராம். இரண்டிலும் 240 கிராம் குறையும். விலை 6,000. கிராமுக்கு 25 ரூபாய்.

சீட்டைத் தாங்குகிற குழாய், கார்பனில்: 100 கிராம் குறையும். விலை 7,000. கிராமுக்கு 70 ரூபாய்.

கார்பன் வீல் ஜோடி: 2,050 கிராமிலிருந்து 1,500. குறைவது 550 கிராம். விலை 48,000. கிராமுக்கு 87 ரூபாய்.

டைட்டானியம் திருகாணிகள்: 20 கிராம் குறையும். விலை 1,800. கிராமுக்கு 90 ரூபாய்! "இதை யாருடி வாங்கறாங்க?" என்று கேட்டேன். "வாங்கறாங்கம்மா" என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

பட்டியலைப் பார்த்ததுமே ஒன்று புரிந்துவிடும். முதலில் குறைகிற கிராம் மலிவு. போகப் போக ஒவ்வொரு கிராமும் விலை ஏறிக்கொண்டே போகும். ஈரத்துணி பிழிகிற மாதிரிதான். முதல் முறுக்கில் தண்ணீர் கொட்டும். கடைசிச் சொட்டுக்குக் கை வலிக்கும்.

கியர் சாமான்களிலும் இதே கதைதான். ஷிமானோ கம்பெனியில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டியூரா-ஏஸ் என்று படிப்படியாக இருக்கிறது. கீழ்ப்படிகளில் மேலே போனால் கியர் எண்ணிக்கை கூடும், மாற்றுவது வழுக்கிக்கொண்டு போகும். 105-க்கு மேலே கொடுக்கிற பணத்தில் பெரும்பங்கு எடைக்காகத்தான். கையால் இழுக்கிற பழைய மாடல்களில் 105-ஐ விட அல்டெக்ரா முழு செட் ஏறக்குறைய 200 கிராம்தான் குறைவு. 200 கிராம் என்றால் எவ்வளவு? ஒரு டம்ளர் தண்ணீர்.

இனி, இந்தக் கிராமெல்லாம் எதற்கு உதவும் என்று பார்க்க வேண்டாமா? மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 330 மீட்டரில் இருக்கிறது. கோத்தகிரி சுமார் 1,790 மீட்டரில். முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் ரோட்டில் 1,450 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அவ்வளவு உயரத்துக்கும் தூக்கிப் போக வேண்டியது சைக்கிளை மட்டுமில்லை. மகள் 54 கிலோ, சைக்கிள் 10.4, தண்ணீர், துணிமணி, செருப்பு ஒரு இரண்டு கிலோ. ஆக மொத்தம் 66 கிலோ சொச்சம். அதில் ஒரு கிலோ குறைந்தால் நூற்றுக்கு ஒன்றரைதான் குறைகிறது. அவள் ஏறுவதற்கு இரண்டே முக்கால் மணி ஆகும் என்று வைத்துக்கொண்டால், மிச்சமாவது சுமார் இரண்டரை நிமிஷம். அந்த 48 ஆயிரம் ரூபாய் வீலுக்கு, ஒரு நிமிஷம் இருபது விநாடி.

சமதளத்தில் இதுவும் கிடையாது. சமதளத்தில் வேகமாகப் போகும்போது நம்மைத் தடுப்பதில் பெரும்பங்கு எதிர்க்காற்றுதான். அரை கிலோ எடை கண்ணுக்கே தெரியாது. "சுத்தற வீல்ல குறைஞ்சா ரெண்டு மடங்கு லாபம்னு சொல்றாங்களேம்மா?" என்றாள். பிஸிக்ஸ் வாத்தியாரான என் தம்பியிடம் போனில் கேட்டோம். ரிம்மிலும் டயரிலும் உள்ள எடைக்கு அப்படி ஒரு கணக்கு உண்டுதானாம். ஆனால் நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்கிற நேரத்துக்கு மட்டும். ஒரே சீராக மலை ஏறும்போது கிராம் எங்கே இருந்தாலும் கிராம்தானாம்.

வீல் வாங்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைக் கடைக்காரரே சொன்னார். அந்த மனுஷருக்குப் புண்ணியமாகப் போகட்டும். என் மகள் சைக்கிளில் இருப்பது ரிம்மைக் கவ்விப் பிடிக்கிற பிரேக். மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சுடும். அலுமினியம் அந்தச் சூட்டைக் கடத்திவிடும். கார்பன் கடத்தாது, சூடு தாங்காமல் ரிம் கெடவும் டயர் வெடிக்கவும் இடமுண்டு. ரிம் சூட்டுக்காகத்தான், 40 கிராமே இருக்கிற பிளாஸ்டிக் மாதிரியான டியூபையும் ரிம் பிரேக்குக்கு வேண்டாம் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. சைக்கிள்காரர்களிடையே ஒரு சொல்வழக்கு இருக்கிறதாம்: வலு, லேசு, மலிவு, இந்த மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. விலையும் குறைவு, எடையும் குறைவு என்று ஒரு ஹேண்டில்பார் வந்தால், எங்கே குறைத்திருப்பார்கள் என்று நாம்தான் யோசிக்க வேண்டும். உலக சைக்கிள் பந்தய சம்மேளனமே 2000-ஆம் ஆண்டிலிருந்து ரோடு பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது.

கடைசியில் டயரும் டியூபும் மட்டும் வாங்கினோம். சீட்டுக்கு அடியில் தொங்கிய பையைப் பிரித்தால், எப்போதோ போட்ட இரண்டு ஸ்பேனரும் ஒரு பழைய பூட்டும். எடுத்துப் போட்டதில் 300 கிராம் ஓசியில் குறைந்தது. பஞ்சர் சாமானும் மணியும் இருக்கட்டும் என்றேன். மொத்தம் 620 கிராம், 6,900 ரூபாய். வீலை விட அதிகக் குறைப்பு, ஏழில் ஒரு பங்கு விலை. நல்ல டயர் உருளுவதும் சுலபம் என்பதால் சமதளத்திலும் லாபம். எனக்கோ ரொம்பப் பெருமை. இந்தப் பகுதிக்கு எழுதக்கூட உட்கார்ந்துவிட்டேன்.

நல்லவேளை, எழுதி அனுப்பவில்லை. ஏனென்றால் கணக்கு அங்கே முடியவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் சில சின்ன மாற்றங்கள். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டால், "ஃபிரெண்டு வீட்டுல சாப்பிட்டேன்மா" என்பாள். டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை ஆனைகட்டி ரோட்டில் போய் வந்தால், வந்ததும் படுக்கைதான். "பரீட்சை நேரம், அலைச்சல்" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் மாமியார் மட்டும், "அம்மிணி கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு, பாக்கறயா இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். "இந்தக் காலத்துப் பொண்ணுங்க அப்படித்தானுங்க அத்தை" என்று நான்தான் பதில் சொன்னேன்.

மார்கழியில் பாத்ரூம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அவளுக்காக ஆவணியில் வாங்கி வைத்த நாப்கின் பாக்கெட்டுகளில் ஒன்றுதான் பிரித்திருந்தது. மற்ற மூன்றும் அப்படியே இருந்தன. விரல் விட்டு எண்ணினேன். மூன்று மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடிவயிறு சில்லிட்டது.

கேட்டதற்கு அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "வரலைம்மா. பிராக்டீஸ் அதிகமானா அப்படி ஆகுமாம். தொந்தரவு இல்லாம நல்லதுதானே?"

அன்று சாயங்காலம், ஏதோ தோன்றி, அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் பட்டியலுக்குக் கீழே, பென்சிலால், அவள் கையெழுத்தில் இன்னொரு வரி.

'உடம்பு: 5 கிலோ குறையும். 12 நிமிஷம் மிச்சம். விலை 0 ரூபாய். கிராமுக்கு 0.'

சகோதரிகளே, அந்த வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கணக்கு சொல்லிக் கொடுத்தது நான். எதையும் கிராம் விலை போட்டுப் பார் என்றதும் நான். 66 கிலோவில் 54 கிலோ அவள்தான் என்று எழுதிக் காட்டியதும் நானே. எது மலிவு என்று கேட்டால், அந்தப் பட்டியல்படி பட்டினிதான் மலிவு. குழந்தை சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள். விலைப் பத்தியில்தான் தப்பு.

மறுநாளே லேடி டாக்டரிடம் போனோம். எடை 49 கிலோ. அவர் திட்டவில்லை. முதலில் வேறு காரணம் எதுவும் இல்லை என்று பார்க்க ரத்தப் பரிசோதனைகள், தைராய்டு எல்லாம் செய்தார். பிறகு அவளைத் தனியாக உட்கார வைத்து நிதானமாகப் பேசினார். அதன் சாரத்தை எனக்கும் சொன்னார், உங்களுக்கும் சொல்கிறேன்.

உழைப்புக்குத் தகுந்த சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு வீட்டுச் செலவைக் குறைக்கிற மாதிரி ஒவ்வொரு வேலையாக நிறுத்தும். உயிர் வாழ அவசரமில்லாத வேலைதான் முதலில் நிற்கும். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகிற உத்தரவு குறையும், மாதவிலக்கு நின்றுபோகும். அதோடு எலும்பைக் காக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பும் குறையும். எலும்பு முழு வலுவை அடைவதே இருபதுகளில்தான். அந்த வயசில் சேர்க்காததைப் பின்னால் சேர்ப்பது ரொம்பக் கஷ்டம். இடைவிடாமல் பயிற்சி செய்கிறவர்களுக்கு எலும்பில் மயிரிழை விரிசல் விழுவதும் இதனால் உண்டு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் 2014-இல் இந்தக் கோளாறுக்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் கொடுத்தார்கள். பெண்களுக்கு மட்டுமில்லை, விளையாட்டில் இருக்கிற பையன்களுக்கும் இது வரும். அவர்களுக்கு நாள் தவறுகிற அடையாளம் இல்லாததால், கண்டுபிடிப்பதுதான் தாமதமாகும்.

"பிராக்டீஸ் செய்தா நிக்கறது சகஜம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மூணு மாசம் வரலைன்னா டாக்டரைப் பார்க்கணும்" என்றார்.

இன்னொன்றும் கேட்டார்: "எடை குறைஞ்ச பிறகு வேகமாப் போனியா?" என் மகள் பதில் சொல்லவில்லை. அப்புறம் ஆட்டோவில் வரும்போது, என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "ஆனைகட்டி ரோட்டுல அஞ்சு நிமிஷம் அதிகமாச்சும்மா." குறைந்தது வெறும் கொழுப்பு மட்டுமில்லை, பெடலை மிதிக்கிற சதையும் சேர்த்துத்தான். பன்னிரண்டு நிமிஷ லாபம் பேப்பரில்தான் இருந்தது.

தை மாசப் பயணம் தள்ளிப் போனது. அழுதாள். நானும் கூடவே உட்கார்ந்து அழுதேன். சைக்கிளைப் பிடுங்கி வைக்கலாம் என்றார் எங்க வீட்டுக்காரர். டாக்டர், "வேண்டாம், குறைவா ஓட்டட்டும், நிறையச் சாப்பிடட்டும்" என்றார். புது நோட்டு ஒன்று போட்டோம். அதில் குறைக்கிற கிராம் இல்லை, கூட்டுகிற கிராம். கிளம்புமுன் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால், ஓட்டும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. வாழைப்பழம், பேரீச்சை, கடலைமிட்டாய் எதுவாக இருந்தாலும் சரி. வந்ததும் குளிக்கப் போகுமுன் பால், சுண்டல், முட்டை ஏதாவது ஒன்று. ராகி, எள், கீரை எல்லாம் என் மாமியார் பொறுப்பு. அவரை யாரும் ஏமாற்ற முடியாது. தராசு சமையலறைக்குத் திரும்பியது. ஆள் நிற்கிற எடை மெஷினைப் பரண் மேல் போட்டேன். எடையை டாக்டர் வீட்டில் பார்த்தால் போதும்.

பங்குனியில் ஒரு நாள் காலையில், "அம்மா, ஒரு பாக்கெட் பிரிச்சுக்கறேன்" என்று குரல் கொடுத்தாள். அடுப்படியில் நின்றபடியே சாமியைக் கும்பிட்டேன்.

இந்த இடத்தில் சின்னக் குழந்தை வைத்திருக்கிற தாய்மாருக்கு ஒரு வார்த்தை. எடைக்குப் பணம் கொடுப்பது எங்கேயும் வீண் என்று சொல்லவில்லை. குழந்தைகள் சைக்கிளில் அது நல்ல செலவு. என் மகளுக்குச் சைக்கிள் அவள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 20 கிலோ குழந்தைக்குப் 12 கிலோ சைக்கிள் வாங்கிக் கொடுத்தால், அது பாதி எடைக்கும் மேல்! குழந்தை தள்ளவும் தூக்கவும் முடியாமல் சைக்கிளே வேண்டாம் என்று சொல்லும். பார்வைக்கு மட்டும் இருக்கிற ஷாக் அப்சார்பர், தடித்த டயர் இதெல்லாம் இல்லாத, அலுமினியச் சட்டம் உள்ள சைக்கிள் கிடைத்தால், கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம். கடையில் கையால் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

பெரிய பிள்ளைகள் ரோடு பைக் கேட்டால், செலவை இந்த வரிசையில் வையுங்கள். உடம்பு அளவுக்குச் சரியான சைக்கிள், ஹெல்மெட், தேயாத பிரேக் கட்டை முதலில். பிறகு நல்ல டயரும் டியூபும். மற்றதெல்லாம் அப்புறம். கார்பன் சாமான் வாங்கினால், திருகை எவ்வளவு முறுக்க வேண்டுமென்று அளவு காட்டுகிற ஸ்பேனரால்தான் முறுக்க வேண்டும். கீழே போட்டு அடிபட்டால் சோதிக்காமல் ஓட்டக் கூடாது. தண்ணீர் பாட்டிலை எடை என்று சொல்லி யாரும் வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

போன மாசம் என் மகள் கோத்தகிரிக்கு ஏறினாள். அலுமினிய வீல், இரண்டு பாட்டில் தண்ணீர், முதுகுப் பையில் அப்பத்தா கொடுத்த எள்ளுருண்டை. நாங்கள் பின்னாலேயே காரில் போனோம். மூன்று மணி ஐந்து நிமிஷம் ஆனது. மேலே போய்ச் சேர்ந்ததும் முதலில் சொன்னது: "அம்மா, பசிக்குது."

பழைய நோட்டில் அவள் எழுதிய வரியை நான் அழிக்கவில்லை. விலைப் பத்தியிலிருந்த பூஜ்யத்தை மட்டும் அவளையே அடிக்கச் சொன்னேன். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. காலியாகவே விட்டுவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் பாட்டு, நாட்டியம், ஓட்டம், நீச்சல் என்று ஏதாவது ஒன்றில் முனைப்பாக இருக்கிற பிள்ளை இருக்கலாம். நாளைக்கு அலமாரியைச் சுத்தம் செய்யும்போது பாக்கெட்டுகளை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். டிபன் பாக்ஸையும் திறந்து பாருங்கள்.